ஓடும் ரயிலில் கச்சேரி கேட்க எந்த ஹெட்போன் ஏற்றது?

செங்கல்பட்டு–கடற்கரை ரயில் தடத்தில் வசிக்கும் 34 வயது வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டிலிருந்து நிலையம் வரை ஸ்கூட்டர், பிறகு மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம், மாலையில் அதே வழியாகத் திரும்புதல் என்று வாரத்தில் ஆறு நாட்கள் கழிகின்றன. சிறு வயதில் பல ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றவர். குடும்பம், வேலை என்று ஆன பிறகு பாடுவது நின்றுபோனாலும் கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதை அவர் விடவில்லை. ரயிலில் கிடைக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் நாளில் தமக்கென்று இருக்கும் நேரம் என்கிறார்.

அவர் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நெக்பேண்ட் இயர்போனில் இப்போது ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வருகிறது. புதிதாக ஒன்று வாங்க ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போனை வாங்கச் சொல்கிறார் அண்ணன். புளூடூத் கதிர்வீச்சு மூளைக்குக் கெடுதல், ஒயர் உள்ளதையே வாங்கு என்கிறார் கணவர். எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன் காதுக்குள் நுழைவதே இல்லை, ஆகவே அதனால் காது கெடாது என்கிறார் உடன் பணிபுரியும் தோழி. இரைச்சலை நீக்கும் வசதி கொண்ட கருவி, பாட்டில் உள்ள தம்புராவின் நாதத்தையும் சேர்த்து நீக்கிவிடுமோ என்பது வாசகியின் சொந்தச் சந்தேகம்.

கடிதத்தின் பிற்பகுதியில் வேறு மூன்று செய்திகளையும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறார். சில மாதங்களாக, மாலையில் வீடு திரும்பியதும் வலது காதில் ‘கொய்ங்’ என்ற சத்தம் ஒரு மணி நேரம்போல் கேட்கிறது. காலையில் எழுந்தால் இருப்பதில்லை. இரண்டு காதுகளிலும் அரிப்பு இருக்கிறது. அம்மா சொன்னபடி தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் விட்டு, பஞ்சுக் குச்சியால் துடைக்கிறார். இரும்புப் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய அப்பாவுக்கு 55 வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. “எனக்கும் அது பரம்பரையாக வந்துவிடுமா? பாட்டுக் கேட்பதையே விட்டுவிட வேண்டுமா?” என்ற கேள்விகளோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பாட்டுக் கேட்பதை விட வேண்டியதில்லை. ஆனால் ஹெட்போன் கடைக்குப் போவதற்கு முன்னால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போய்வர வேண்டும். எந்தக் கருவி என்பதை நீங்கள் முக்கியக் கேள்வியாகவும் காதில் கேட்கும் சத்தத்தைச் சில்லறைச் செய்தியாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சத்தம்தான் முதலில் கண்ணில் பட்டது. அதைப் புரிந்துகொண்டால் எந்த ஹெட்போன் என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகக் கிடைத்துவிடும்.

மாலையில் கேட்கும் சத்தம்

நம் உட்காதில், நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்பில், ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பவைதான், செத்த செல்லுக்குப் பதிலாக மனிதருக்குப் புதிய செல் முளைப்பதில்லை. உரத்த ஒலியை நெடுநேரம் கேட்டால் இவை முதலில் களைத்துப்போகின்றன. அப்போது காது அடைத்தாற்போல் இருப்பதும், வெளியே இல்லாத சத்தம் உள்ளே கேட்பதும் உண்டு. ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். தூங்கி எழுந்தால் சத்தம் போய்விடுகிறது என்பதை நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் களைப்பு நாள்தோறும் திரும்பத் திரும்ப வந்தால், ஒரு கட்டத்தில் அந்தச் செல்கள் மீளாமலே போகும். பேச்சு நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த அதிர்வெண்களில் கேட்கும் திறன் முதலில் குறைவதால், வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ச, ஸ, த போன்ற ஒலிகள் மங்கி, கூட்டத்தில் பேசுவது புரியவில்லை என்று ஒருவர் சொல்லும்போது பல ஆண்டுகள் கடந்திருக்கும்.

உங்கள் விஷயத்தில் சத்தம் வலது காதில் மட்டும் கேட்பது தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. ஹெட்போனால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு காதுகளிலும் ஒன்றுபோல் இருக்கும். உங்கள் நெக்பேண்டின் ஒரு பக்கம் பழுதாகியிருப்பதால் மற்றக் காது கூடுதலாக வாங்கியிருக்கலாம்; ஸ்கூட்டரில் போகும்போது ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வதாகச் சொல்லும் பழக்கமும் காரணமாக இருக்கலாம்; வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம்; வேறு காரணமும் இருக்கலாம். இவற்றுள் எது என்று கடிதத்தை வைத்துச் சொல்வது முறையல்ல. காதுக்குள் பார்த்து, செவித்திறன் சோதனை செய்தால் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எப்போதாவது ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ, கேட்காமல் போனால் அது அவசரநிலை. சளி அடைப்பு, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்; சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.

அப்பாவைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். முதுமையில் வரும் காது மந்தத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் இரும்புப் பட்டறையில் காதுக்குக் காப்பு எதுவும் இல்லாமல் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவருக்கு 55 வயதில் காது கேட்கவில்லை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பட்டறையின் ஓசையைத்தான். அது பிள்ளைகளுக்கு இறங்கும் குறை அல்ல. அப்பாவுக்கு இதுவரை சோதனை செய்யவில்லை என்றால், நீங்கள் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். காதுக்கருவியால் அவருக்கு நிறைய பயன் கிடைக்கக்கூடும்.

வால்யூமைக் கூட்டவைப்பது ரயில்

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் சேர்ந்து வெளியிட்ட பாதுகாப்பான கேட்டலுக்கான தர வரையறை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒலி 3 டெசிபெல் கூடினால் கேட்கலாகும் நேரம் பாதியாகும். 83 டெசிபெல்லில் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி, 92இல் இரண்டரை மணி. நீங்கள் நாளுக்கு மூன்று மணி வீதம் ஆறு நாட்கள், அதாவது வாரத்துக்கு 18 மணி நேரம் கேட்கிறீர்கள். 83 டெசிபெல்லுக்குள் கேட்டால் இந்தப் 18 மணியும் எல்லைக்குள் அடங்கும். 89க்குப் போனால் செவ்வாய்க்கிழமை மாலையிலேயே வாரத்தின் பங்கு தீர்ந்துவிடும். இரண்டு நிலைக்கும் இடையில் உள்ளது வெறும் 6 டெசிபெல்தான். ஆகவே வால்யூமை ஓரிரு படி குறைப்பது சிறிய காரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் உரக்கக் கேட்கும் ஆசையால் கூட்டுவதில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. ஜன்னலும் கதவும் திறந்திருக்கும் நம் மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் அப்படிக் குரலை உயர்த்த வேண்டி வந்தால் அங்கே இரைச்சல் 85 டெசிபெல்லை ஒட்டி இருக்கிறது என்பது எங்கள் துறையில் கையாளும் தோராயமான அளவுகோல். மோட்டார், சக்கரம், மின்விசிறி ஆகியவற்றின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. கச்சேரிப் பதிவில் தம்புராவின் மந்தர ஷட்ஜமும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கும்காரமும் இருப்பது அதே இடத்தில்தான். ஆகவே ரயில் அவற்றைத்தான் முதலில் விழுங்குகிறது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் மட்டும் கணீரென்று கேட்க, சுருதி காணாமல் போகிறது. சுருதி காதில் விழாமல் உங்களைப் போன்ற ஒருவரால் பாட்டில் லயிக்க முடியாது. கை தானாக வால்யூமுக்குப் போகிறது. அப்படித் தம்புராவுக்காகக் கூட்டும்போது பாடகரின் தாரஸ்தாயியும் வயலினும் சேர்ந்தே உயர்ந்து காதில் மோதுகின்றன. பட்டியலில் அடுத்து ஒரு திரைப்பாடல் வந்தால் நிலைமை இன்னும் மோசம். திரைப்பாடல்களை முழுக்க உரத்த அளவில் பதிவு செய்வார்கள், கச்சேரிப் பதிவுகள் பொதுவாக அடங்கி ஒலிக்கும் என்பதால், கச்சேரிக்கு வைத்த வால்யூமில் அந்தப் பாடல் அறைவதுபோல் வரும்.

எனவே உங்களுக்குரிய ஹெட்போனைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்று: ரயிலின் இரைச்சலைத் தடுத்து, குறைந்த வால்யூமில் உங்களுக்குத் தம்புராவைக் கேட்கவைப்பது எதுவோ அதுதான் நல்ல ஹெட்போன். விலை, பேஸ், பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கான பேட்டரி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. இரவில் வீடு அடங்கிய பிறகு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நீங்கள் நன்கு அறிந்த ஒரு பதிவைப் போட்டுத் தம்புரா தெளிவாகக் கேட்கும் அளவில் வால்யூமை வையுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூமுக்கு 15 படிகள் இருக்கும். எத்தனையாவது படி என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ரயிலில் அதே பதிவை அதே தெளிவில் கேட்க எத்தனையாவது படிக்குப் போக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கருவி ரயிலிடம் தோற்கும் அளவு. புதிய கருவியில் அந்த வித்தியாசம் ஓரிரு படிகளுக்குள் இருக்க வேண்டும். வால்யூம் பட்டையில் பாதிக்குக் கீழே வைத்திருப்பதால் ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. ஒரே போனில் ஒரே படியில் ஒரு ஹெட்போன் மெதுவாகவும் இன்னொன்று உரக்கவும் ஒலிக்கும். சில புளூடூத் கருவிகளில் போனின் வால்யூம் ஒன்றும் கருவியின் வால்யூம் வேறொன்றுமாக இருக்கும். ஆகவே பாதி, முக்கால் என்பவை டெசிபெல் கணக்கு அல்ல. ஒரே கருவியை இரண்டு இடங்களில் ஒப்பிடத்தான் அவை உதவும்.

வீட்டாரும் தோழியும் சொன்னவை

அண்ணன் சொல்லும் பெரிய ஹெட்போனில் நியாயம் இருக்கிறது. காதைச் சுற்றி மெத்தை முழுதாகப் படிந்தால் இரைச்சல் நன்றாகத் தடைபடும், செவிக்குழாய்க்குள் எதையும் செருக வேண்டியதில்லை என்பதால் உங்கள் அரிப்புக்கும் நல்லது. ஆனால் மே மாத மாலையில், நெரிசலான பெண்கள் பெட்டியில், அந்த மெத்தைக்கு அடியில் வியர்வை வழியும். கண்ணாடிச் சட்டம் மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் சந்து உண்டாக்கினால் அதன் வழியே ரயில் உள்ளே வந்துவிடும். ஜிமிக்கியும் மாட்டலும் அணிபவர் என்றால் மெத்தை அவற்றை அழுத்தி வலி எடுக்கும். நீங்கள் தோடு மட்டும் அணிபவராக, உட்கார இடம் கிடைக்கும் நிலையத்தில் ஏறுபவராக இருந்தால் இதைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். காதின் மீது மட்டும் உட்காரும் சிறிய வகையை வாங்க வேண்டாம். அது இரைச்சலையும் தடுக்காது, காதுமடலையும் அழுத்தும்.

கணவரின் அச்சத்தை அவரிடம் பொறுமையாகப் பேசித் தீர்க்கலாம். புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில். எக்ஸ்ரேயைப் போல அணுக்களைச் சிதைக்கும் கதிர்வீச்சு அல்ல அது. இயர்போன்கள் வெளிவிடும் ஆற்றல் சில மில்லிவாட் அளவில்தான் இருக்கும். கையில் வைத்திருக்கும் போன், கோபுரத்தோடு பேசும்போது வெளிவிடுவது அதைவிடப் பல மடங்கு. எனவே ஒயரில்லாக் கருவியைக் கதிர்வீச்சுக்குப் பயந்து ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் ஒயர் உள்ள கருவியை அதன் சொந்தத் தகுதிக்காகவே நான் மதிக்கிறேன். அதற்குச் சார்ஜ் வேண்டாம். பேட்டரி தளர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் குப்பைக்குப் போவதில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள்ளேயே, மேடைக் கலைஞர்கள் அணியும் வடிவில், காதுக்குள் ஆழமாகப் பொருந்தி இரைச்சலை நன்றாகத் தடுக்கும் வகைகள் கிடைக்கின்றன. அவற்றோடு நுரைத் தக்கையைச் சேர்த்தால் தடுப்பு இன்னும் கூடும். குறைகள் இரண்டு: கூட்டத்தில் ஒயர் கைப்பையில் சிக்கும், துணியில் உரசும் ஒலி காதுக்குள் கேட்கும். உங்கள் போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டைப்-சி முனை உள்ளதை வாங்க வேண்டும்.

தோழி சொல்வதைத்தான் நான் திட்டமாக மறுக்க வேண்டியிருக்கிறது. எலும்பு வழிக் கருவி செவிக்குழாயையும் செவிப்பறையையும் தவிர்த்துவிட்டு, கன்ன எலும்பின் அதிர்வாக ஒலியை உட்காதுக்கு அனுப்புகிறது. ஆனால் உரத்த ஒலியால் பாழாவது செவிப்பறை அல்ல, உட்காதின் மயிர்ச் செல்கள்தான். எந்த வழியில் போனாலும் ஒலி கடைசியில் சேரும் இடம் அதுவே. மேலும் அந்தக் கருவியில் காது திறந்தே இருப்பதால் ரயிலின் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும், தாழ்ந்த ஸ்வரங்கள் அதில் இயல்பாகவே மெலிந்து ஒலிக்கும். நீங்கள் வால்யூமை உச்சத்துக்குக் கொண்டுபோவீர்கள். காலையில் பூங்காவில் நடப்பவருக்கும், செவிக்குழாயில் சீழ் வடியும் நோய் உள்ளவருக்கும் அது நல்ல கருவி. ரயிலில் கச்சேரி கேட்க ஏற்றதல்ல.

உங்கள் சொந்தச் சந்தேகத்துக்கு விடை: தம்புரா நீங்காது. இரைச்சல் நீக்கும் கருவியில் உள்ள மைக், வெளியிலிருந்து வரும் ஒலியை எடுத்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதனோடு மோதவிட்டு இரண்டையும் அடக்குகிறது. போனிலிருந்து வரும் பாட்டு இந்தக் கணக்கில் சேருவதில்லை. இந்த முறை தொடர்ந்து ஒலிக்கும் தாழ்ந்த இரைச்சலில்தான் சிறப்பாக வேலை செய்யும். நல்ல கருவிகள் அதை 20 டெசிபெல் அளவுக்குக்கூடக் குறைக்கின்றன. வியாபாரிகளின் கூவல், குழந்தையின் அழுகை போன்ற உயர்ந்த, திடீர் ஒலிகளைத் தடுப்பது காதில் இறுக்கமாகப் பொருந்தும் சிலிகான் தக்கையின் வேலை. ஆகவே இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இந்த வசதியை இயக்கியவுடன் சிலருக்குக் காதை அழுத்துவதுபோல் ஓர் உணர்வு வரும். அங்கே உண்மையில் காற்றழுத்தம் எதுவும் கூடுவதில்லை, கேடும் இல்லை. தலைசுற்றுவதுபோல் இருந்தால் மட்டும் அதன் அளவைக் குறைத்துவையுங்கள்.

என் பரிந்துரையும் கடையில் கவனிக்க வேண்டியவையும்

உங்கள் பயணம், வெயில், பட்ஜெட் மூன்றையும் வைத்துப் பார்த்தால், சிலிகான் தக்கையும் இரைச்சல் நீக்கும் வசதியும் சேர்ந்த ஒயரில்லா இயர்பட்ஸை முதலாவதாகச் சொல்வேன். ஆறாயிரம் ரூபாய்க்குள் நல்லவை கிடைக்கின்றன. காதில் ஈரமோ காளானோ இருப்பதாக மருத்துவர் சொன்னால், அது குணமாகும்வரை எதையும் செருகக் கூடாது; அதற்குப் பிறகும் அடிக்கடி வந்தால் அண்ணன் சொன்ன பெரிய ஹெட்போனுக்கு மாறிவிடுங்கள். நிறுவனப் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதைவிட உங்கள் காதின் வடிவம் முக்கியம்.

பெட்டியில் உள்ள எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். ஏ.என்.சி. என்று இருந்தால்தான் நான் மேலே விவரித்த வசதி. குறைந்த விலைக் கருவிகள் பலவற்றில் ஈ.என்.சி. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் செய்வது. உங்கள் காதுக்கு அதனால் எந்த அமைதியும் கிடைக்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய பேர். வியர்வையைத் தாங்க ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறியாவது இருக்கட்டும். தக்கை இல்லாமல் காதின் வாயிலில் சும்மா உட்காரும் வடிவத்தை, அதில் ஏ.என்.சி. இருந்தாலும், ரயிலுக்கு வாங்க வேண்டாம்.

பெட்டியில் மூன்று அளவுத் தக்கைகள் இருக்கும். பெரும்பாலோர் நடு அளவையே மாற்றாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவரின் இரண்டு செவிக்குழாய்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டுப் போடாமல் மாட்டிக்கொண்டு, வாயை மூடியபடி ‘ம்’ என்று ஷட்ஜம் பிடித்துப் பாருங்கள். குரல் தலைக்குள் குடத்தில் பாடுவதுபோல் முழங்கினால் தக்கை சரியாக அடைத்திருக்கிறது. எந்தப் பக்கம் முழங்கவில்லையோ அந்தப் பக்கத்துக்கு வேறு அளவு வேண்டும். இந்தப் பொருத்தம் தவறினால் பேஸ் காணாமல் போகும், இரைச்சல் உள்ளே வரும், நீங்கள் மறுபடியும் வால்யூமைக் கூட்டுவீர்கள்.

முன்பு இணையத்தில் வாங்கிய ஒன்று நான்கே மாதத்தில் பழுதானபோது, பில் இல்லை என்று விற்றவர் கைவிரித்ததாக எழுதியிருந்தீர்கள். இம்முறை பில்லையும் பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை வைத்திருங்கள். காதில் செருகும் பொருள் என்பதால், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பதைப் பல விற்பனையாளர்கள் ஏற்பதில்லை. போட்டுப் பார்க்கவிடும் கடையில் வாங்குவது மேல். ஆனால் பழுதான பொருள் வேறு விஷயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறையுள்ள பொருளுக்கு மாற்றோ பணமோ கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. விற்றவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வாங்கிய அன்றே போனின் ஒலி அமைப்புகளில் வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடி, வீட்டில் குறித்துக்கொண்ட படிக்கு இரண்டு படி மேலே வரம்பைப் போட்டுவிடுங்கள். நெரிசலில் அலுத்து நிற்கும் மாலை நேரத்தில் நம் தீர்மானத்தை நம்புவதைவிட அந்த வரம்பை நம்பலாம்.

கழற்றிவிட வேண்டிய இடங்கள்

ஸ்கூட்டர் ஓட்டும்போது ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறீர்கள். அதை இன்றோடு விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுகளிலும் விழும் ஒலியின் வித்தியாசத்தை வைத்துத்தான். ஒரு காதை அடைத்தால் ஹாரன் கேட்கும், திசை தெரியாது. ஹெல்மெட்டுக்குள் அது காதை அழுத்திப் புண்ணாக்கவும் செய்யும். இரண்டு காதாலும் கேட்கும்போது அதே ஒலி உரக்கத் தோன்றும் என்பதால், ஒற்றைக் காதில் கேட்பவர் அறியாமலே வால்யூமைக் கூட்டிவைப்பார். உங்கள் வலது காதின் சத்தத்துக்கு இதிலும் தொடர்பு இருக்கக்கூடும்.

நடைமேம்பாலத்தில் கூட்டம் என்றால் சில நாள் தண்டவாளத்தைக் கடந்துவிடுவதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ரயில்வே சட்டம், 1989இன் 147ஆவது பிரிவின்படி அது ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கக்கூடிய குற்றம். அதைவிட எனக்குக் கவலை தருவது, இரைச்சல் நீக்கும் கருவி எந்த ஒலியை மிகத் திறமையாக அழிக்குமோ அதுதான் நெருங்கிவரும் ரயிலின் ஒலியும் என்பது. பழைய நெக்பேண்டோடு கடந்து பழகியவர் புதிய கருவியோடு அதையே செய்தால் ரயில் வருவது காதுக்குத் தெரியவே தெரியாது. வெளியொலியை உள்ளே விடும் வசதி பல இயர்பட்ஸில் உண்டு. அறிவிப்பைக் கேட்க நடைமேடையில் அது போதும். தண்டவாளத்துக்கும் ஸ்கூட்டருக்கும் கருவி பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

அரிப்பும் எண்ணெயும்

அம்மா அன்பால் சொன்னதுதான். ஆனாலும் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், இயர்போன் அடைத்து வெப்பமான செவிக்குழாயில், எண்ணெயும் சேர்ந்தால் காளான் வளர ஏற்ற இடம் அமைந்துவிடும். அரிப்பு, அடைப்பு, சில நேரம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பொடி என்று அது தொடங்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்கே போய்விடும். பஞ்சுக் குச்சி குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். குறும்பி அழுக்கு அல்ல, செவிக்குழாயின் தோலுக்கு அது காப்பு. தானாக வெளியே வந்துவிடும்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு இயர்பட்ஸைச் செருகிக்கொண்டு ரயிலுக்கு ஓடாதீர்கள், காது உலரட்டும். வாரம் ஒருமுறை தக்கைகளை மட்டும் கழற்றி மெல்லிய சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். மகன் ஆன்லைன் வகுப்புக்கு உங்கள் இயர்போனையே எடுத்துக்கொள்கிறான் என்றால் அவனுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். தொற்று பரவாமல் இருப்பதற்கு மட்டுமல்ல, நான் குறிப்பிட்ட அதே வரையறை சிறுவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 75 டெசிபெல் என்று இன்னும் தாழ்ந்த எல்லையை வைத்திருப்பதாலும்.

செவித்திறன் சோதனை ஊசியோ வலியோ இல்லாதது. ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் உங்களுக்குக் கேட்கும் மிகத் தாழ்ந்த ஒலியைக் குறித்து வரைபடமாகத் தருவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலும் செய்துகொள்ளலாம். சோதனைக்கு முந்தைய நாள் மாலை முதல் ஹெட்போனில் எதையும் கேட்க வேண்டாம். களைத்த காது இருப்பதைவிட மோசமான கணக்கைக் காட்டும். எந்தக் காதில் எந்த நாட்களில் சத்தம் கேட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று ரயிலில் எத்தனையாவது படியில் வைத்துக் கேட்டீர்கள் என்று ஒரு வாரத்துக்குக் குறித்துவைத்து அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் விட்டுவந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறிக்கை வந்த பிறகு அதன் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.